'கெட்' என்ற ஆங்கிலச் சொல்லைப் புரிந்துகொள்வது எப்படி?

அகராதியில் 'கெட்' என்று தேடினால் பொருள்கள் நீண்டுகொண்டே போகும். அத்தனையையும் மனப்பாடம் செய்ய உட்கார்ந்தால் ஆங்கிலமே வெறுத்துவிடும். 'கெட்'டை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள். பாதி வேலை முடிந்துவிடும்.

படி 1: பெயர்ச்சொல் வந்தால்

கிடைப்பது, வாங்குவது, வருவது எல்லாம் இதில் அடக்கம். 'ஐ காட் எ லெட்டர்' என்றால் எனக்குக் கடிதம் வந்தது ('காட்' என்பது 'கெட்'டின் இறந்தகால வடிவம்). 'ஐ காட் எ கோல்ட்' என்றால் எனக்குச் சளி பிடித்தது. தமிழில் 'எனக்கு' என்று தொடங்குகிறோம். ஆங்கிலத்தில் 'ஐ' என்றுதான் தொடங்க வேண்டும். பேசும்போது பலர் தடுமாறுவது இங்கேதான்.

படி 2: பெயரடை வந்தால்

ஒரு நிலை மாறுகிறது என்று பொருள். 'ஐ ஆம் ஆங்ரி' என்றால் கோபமாக இருக்கிறேன். 'ஐ காட் ஆங்ரி' என்றால் கோபம் வந்துவிட்டது. 'இட் இஸ் கெட்டிங் டார்க்' என்பது இருட்டிக்கொண்டு வருகிறது.

படி 3: இடம் வந்தால்

போய்ச் சேர்வது. 'கெட் டு தி ஸ்டேஷன்' என்று 'டு' சேர்க்க வேண்டும். 'ஹோம்', 'ஹியர்', 'தேர்' மூன்றுக்கும் அது வேண்டாம்.

படி 4: ஒரு பொருளோ ஆளோ, கூடவே ஒரு வினையும் சேர்ந்து வந்தால்

கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 'ஐ கட் மை ஹேர்' என்றால் நானே கத்தரியை எடுத்து வெட்டிக்கொண்டேன். 'ஐ காட் மை ஹேர் கட்' என்றால் இன்னொருவர் வெட்டிவிட்டார். தமிழில் இரண்டுக்குமே 'முடி வெட்டினேன்' என்று சொல்லிவிடுவதால் இந்த வேறுபாடு எளிதில் நழுவிவிடும். ஒருவரைச் செய்ய வைப்பதற்கும் 'கெட்' உண்டு: 'ஐ காட் ஹிம் டு கம்' என்றால் பேசிச் சம்மதிக்க வைத்து அவனை வரவழைத்தேன். 'மேட் ஹிம் கம்' என்றால் கட்டாயப்படுத்தியது போல் ஆகிவிடும். அங்கே 'டு'வும் கிடையாது.

படி 5: 'ஆன்', 'இன்', 'ஓவர்' போன்ற குட்டிச் சொற்கள் வந்தால்

இவற்றை மட்டும் ஜோடியாகவே கற்றுக்கொள்ளுங்கள். பஸ், ரயில், விமானம் என்றால் 'கெட் ஆன்'. கார் என்றால் 'கெட் இன்'. உள்ளே எழுந்து நடக்க முடிகிற வண்டிக்கு 'ஆன்' என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பாது. 'கெட் ஓவர்' என்றால் நோயிலிருந்தோ துக்கத்திலிருந்தோ மீள்வது.

அப்புறம், 'ஹாவ்' உடன் வரும்போது அமெரிக்கர்கள் 'கெட்'டை 'காட்டன்' (gotten) என்றும் சொல்வார்கள். அவர்களிடம் 'ஐ ஹாவ் காட் எ கார்' என்றால் என்னிடம் கார் இருக்கிறது. 'ஐ ஹாவ் காட்டன் எ கார்' என்றால் கார் வாங்கியிருக்கிறேன். அலுவலகக் கடிதங்களில் 'கெட்'டைக் குறைத்து 'ரிசீவ்', 'பிகம்' என்று எழுதுவது நல்லது.

சரி, இப்போது நீங்களே பிரித்துப் பாருங்கள்: 'வீ காட் லாஸ்ட்', 'ஷீ காட் தி ஜாப்', 'கெட் ஹிம் டு சைன்'. முதலாவது படி 2, அடுத்தது படி 1, கடைசி படி 4.