ஸ்கீ பையும் விமானக் கட்டணமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பனிச்சறுக்குப் பலகைகளைக் கொண்டுபோகும் ஸ்கீ பைக்கு எவ்வளவு என்று கேட்டால் எந்த விமான நிறுவனமும் ஒரு தொகையைச் சொல்லிவிடும். அந்தத் தொகைக்குள் பூட்ஸ் அடங்குமா, திரும்பும் பயணம் அடங்குமா, எடை வரம்பு 20 கிலோவா 23 கிலோவா என்பதையெல்லாம் நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும். செக்-இன் கவுன்ட்டரில் பணம் கரைவது பெரும்பாலும் இந்த மூன்றில்தான்.

ஒரு நிறுவனத்தின் விதியை இன்னொன்றுக்குப் பொருத்துவது

விமான நிறுவனங்கள் ஸ்கீயை மூன்று விதமாகக் கணக்கிடுகின்றன. சில நிறுவனங்களில் ஸ்கீ பை, உங்கள் டிக்கெட்டில் உள்ள செக்-இன் பைகளில் ஒன்றாகக் கணக்காகும். டிக்கெட்டில் 2 பை இருந்தால் ஒன்று சூட்கேஸ், ஒன்று ஸ்கீ. தனிக் கட்டணம் கிடையாது. குறைந்த கட்டண நிறுவனங்கள் பலவற்றில் ஸ்கீக்கு எப்போதும் தனிக் கட்டணம் உண்டு. ரையன்ஏரில் அப்படித்தான், எடை வரம்பு 20 கிலோ. இன்னும் சில நிறுவனங்கள் வழக்கமான பை அளவுக்கு மேல் ஒரு ஸ்கீ செட்டை இலவசமாக ஏற்றும். ஆனால் மிக மலிவான டிக்கெட் வகைக்கு அந்தச் சலுகை பெரும்பாலும் இருக்காது. டிக்கெட்டில் சேமித்ததை ஸ்கீ பைக்குக் கொடுத்துவிட்டுப் போக நேரும். ஆகவே விலையை ஒப்பிடும்போது டிக்கெட், சூட்கேஸ், ஸ்கீ மூன்றையும் சேர்த்து, போகவும் வரவும் கூட்டிப் பாருங்கள்.

நீளத்தையும் கவனிக்க வேண்டும். செக்-இன் பைக்குப் பரவலாக உள்ள வரம்பு, நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து 158 செ.மீ. ஒரு ஸ்கீ பையின் நீளம் மட்டுமே அதைத் தாண்டிவிடும். பல நிறுவனங்கள் ஸ்கீக்கு இந்த வரம்பிலிருந்து விலக்கு தருகின்றன. எல்லா நிறுவனங்களும் தருவதில்லை. விதிமுறையில் அந்த விலக்கு வெளிப்படையாக எழுதியிருந்தால்தான் கணக்கு.

செட் என்றால் என்ன என்று பார்க்காமல் கட்டுவது

ஒரு செட் என்பது பொதுவாக ஒரு ஜோடி ஸ்கீ, ஒரு ஜோடி போல் (சறுக்கும்போது ஊன்றும் கோல்), ஒரு ஜோடி பூட்ஸ். இரண்டு ஜோடி ஸ்கீ கொள்ளும் பை கடையில் கிடைக்கிறது என்பதற்காக, கணவனும் மனைவியும் ஒரே பையில் போட்டு ஒரு கட்டணம் கட்டலாம் என்று ஆகிவிடாது. ஒரு பைக்கு ஒரு ஜோடிதான் என்று விதி வைத்திருக்கும் நிறுவனத்தில், எக்ஸ்ரேயில் இரண்டு ஜோடியும் தெளிவாகத் தெரியும். எடை மட்டும்தான் வரம்பு என்று சொல்லும் நிறுவனங்களில் இரட்டைப் பை லாபமே. அங்கேயும் 32 கிலோவுக்கு மேல் ஒரே பையாக ஏற்க மாட்டார்கள். சுமை தூக்கும் ஊழியர்களின் பாதுகாப்புக்காக வைத்த வரம்பு அது. கூடுதல் பணம் கொடுத்தாலும் நகராது.

பூட்ஸ் பை இன்னொரு குழப்பம். டெல்டா, யுனைடெட் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் ஸ்கீ பையையும் பூட்ஸ் பையையும் சேர்த்து ஒரே உருப்படியாக எண்ணுகின்றன. எகானமியில் இரண்டின் கூட்டு எடை 23 கிலோவுக்குள் இருக்க வேண்டும். மற்ற பல இடங்களில் பூட்ஸ் பை தனியாக இருந்தால் அது இன்னொரு பை. சலுகை இருக்கும் இடத்திலும் பூட்ஸ் பையில் ஸ்வெட்டரும் ஜீன்ஸும் திணித்திருந்தால் அதைச் சாதாரணப் பையாக எண்ணிக் கட்டணம் கேட்கலாம். ஸ்கீ பைக்கும் இதே கதைதான். ஸ்கீயைச் சுற்றி ஒரு ஜாக்கெட்டைச் சுருட்டி வைப்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு வாரத் துணியையும் அதில் அடைத்தால் கேள்வி வரும்.

எடையைக் குத்துமதிப்பாக எண்ணுவது

வீட்டிலேயே ஒரு கணக்குப் போடுங்கள். பைண்டிங் (பூட்ஸைப் பலகையோடு பிடித்துவைக்கும் அமைப்பு) பொருத்திய சாதாரண ஸ்கீ ஒரு ஜோடி 5 முதல் 7 கிலோ. பூட்ஸ் ஜோடி 3.5 முதல் 5 கிலோ. போல் அரை கிலோ, ஹெல்மெட் அரை கிலோ. சக்கரம் வைத்த பை 3 முதல் 5 கிலோ. சக்கரமில்லாத மெல்லிய பை ஒன்றரை கிலோவுக்குள் முடிந்துவிடும். சக்கரமில்லாத பையோடு எல்லாம் சேர்ந்து 15 கிலோவை நெருங்கலாம். 20 கிலோ வரம்பில் மிச்சம் 5 கிலோ. சக்கரத்துக்காக அதில் பாதியை விட்டுக்கொடுப்பது, காரிலோ பஸ்ஸிலோ போய் இறங்குகிறவர்களுக்கு வீண் செலவு என்றே சொல்வேன்.

ஊருக்குத் திரும்பும்போது அதே பொருள்கள் கூடுதல் எடை காட்டும். பூட்ஸின் உள் லைனர், கையுறை, பையின் துணி எல்லாம் ஈரம் குடித்திருக்கும். போகும்போது 19.5 கிலோ இருந்தது வரும்போது 20ஐத் தாண்டுவது சகஜம். கடைசி இரவில் லைனரைக் கழற்றி உலர்த்துங்கள். போகும்போதே ஒரு கிலோவாவது இடம் விட்டுக் கட்டினால் இன்னும் நல்லது.

நீளமான பையைக் கொக்கித் தராசில் தொங்கவிட்டால் சாய்ந்துகொண்டு சரியாக நிற்காது. குளியலறைத் தராசில் நீங்கள் மட்டும் ஏறிப் பார்த்துவிட்டு, பிறகு பையைத் தூக்கிக்கொண்டு ஏறி, கழித்துப் பாருங்கள். கவுன்ட்டரிலும் பெல்ட்டின் நீளத்தைத் தாண்டிப் பை வெளியே நீட்டிக்கொண்டு பக்கச் சுவரில் சாய்ந்தால் தராசு தவறாகக் காட்டும். பையைச் செங்குத்தாக நிறுத்திப் பார்க்கச் சொல்லலாம். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

சுற்றுலா நிறுவனமும் விமான நிறுவனமும் சொல்லும் விலையை நேராக ஒப்பிடுவது

விமான நிறுவனத்தின் தளத்தில் காட்டும் தொகை பெரும்பாலும் ஒரு வழிக்கு. பேக்கேஜ் விற்கும் சுற்றுலா நிறுவனங்கள் பல, போக வர இரண்டுக்கும் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்லும். பார்த்த மாத்திரத்தில் சுற்றுலா நிறுவனம் இரு மடங்கு வாங்குவதுபோலத் தோன்றும். முதலில் இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

அடுத்து, எங்கே பணம் கட்டுவது என்ற கேள்வி. சுற்றுலா நிறுவனமே வாடகைக்கு எடுத்து ஓட்டும் சார்ட்டர் விமானமானால், ஸ்கீயை அவர்கள் மூலமாகத்தான் சேர்க்க வேண்டியிருக்கும். வழக்கமான விமானத்தில் அவர்கள் இருக்கை வாங்கித் தந்திருந்தால், சிலர் தாங்களே சேர்த்துத் தருவார்கள், சிலர் விமான நிறுவனத்திடம் அனுப்புவார்கள். கேட்காமல் இரண்டு இடத்திலும் கட்டிவிட்டால், கூடுதலாகக் கட்டியதை யாரும் திருப்பித் தர மாட்டார்கள். இத்தகைய கூடுதல் சேவைகள் பொதுவாகத் திரும்பப் பெற முடியாதவை. போகும் விமானம் ஒரு நிறுவனம், வரும் விமானம் வேறு நிறுவனம் என்று பேக்கேஜ் அமைந்திருந்தால் இரண்டில் குறைந்த எடை வரம்பை வைத்துத்தான் கட்ட வேண்டும்.

விமான நிலையத்திலிருந்து மலைக்குப் போகும் பஸ்ஸை மறந்துவிடுகிறார்கள். பேக்கேஜில் பஸ் அடங்கியிருந்தாலும் ஸ்கீ பைக்கு முன்பதிவு கேட்கலாம், தனிக் கட்டணமும் இருக்கலாம். சிறிய வேனாக இருந்தால் நீளப் பை உள்ளே ஏறுமா என்பதே சந்தேகம். கட்டணம் கட்டிய பிறகு, உறுதிச் சீட்டில் போகும் பயணத்திலும் வரும் பயணத்திலும் ஸ்கீ என்று தனித்தனியாக அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். பயணத் தேதி மாறினால் மறுபடியும் பாருங்கள். டிக்கெட் புது விமானத்துக்கு மாறும்போது ஸ்கீ பழைய விமானத்திலேயே தங்கிவிடுவது உண்டு.

மாறிச் செல்லும் விமானங்கள்

ஒரே டிக்கெட்டில் இரண்டு நிறுவனங்கள் வந்தால், யாருடைய பை விதி என்பது டிக்கெட்டிலேயே எழுதப்பட்டிருக்கும். அமெரிக்காவுக்கு வரும், அங்கிருந்து புறப்படும் பயணங்களில் ஒரே விதிதான் முழுப் பயணத்துக்கும் பொருந்த வேண்டும் என்பது அந்நாட்டுப் போக்குவரத்துத் துறையின் சட்டம். தனித்தனி டிக்கெட்டாக வாங்கினால் இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. இடையில் பையை எடுத்து, மறுபடி செக்-இன் செய்து, மறுபடி கட்ட வேண்டும். கடைசிக் கட்டத்தில் ஏடிஆர் போன்ற சிறிய டர்போபிராப் விமானம் வந்தால் சரக்கறையில் இடம் குறைவு. ஒரு விமானத்துக்கு இத்தனை ஸ்கீதான் என்று வரம்பு வைப்பார்கள். முன்பதிவில்லாத பை அடுத்த விமானத்துக்குத் தள்ளப்படலாம்.

முன்கூட்டி இணையத்தில் கட்டுவது விமான நிலையத்தில் கட்டுவதைவிட ஏறக்குறைய எப்போதும் மலிவு. நீளப் பைகளுக்குத் தனி பெல்ட் இருக்கும் இடங்களில் இன்னொரு வரிசையும் நிற்க வேண்டும். அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

பையில் போகக் கூடாதவை

போலைக் கேபினுக்குள் விட மாட்டார்கள். சூடேற்றும் கையுறை, பூட்ஸ் ஆகியவற்றின் உதிரி லித்தியம் பேட்டரிகள் கேபினில்தான் போக வேண்டும், செக்-இன் பையில் வைத்தால் பையையே நிறுத்திவிடுவார்கள். பனிச்சரிவிலிருந்து காக்கும் ஏர்பேக் முதுகுப்பை விஷயத்தில் ஐயாட்டா (பன்னாட்டு விமான நிறுவனங்களின் சங்கம்) விதிப்படி ஒருவருக்கு ஒன்றுதான். அதை ஊதவைக்கும் அழுத்தப்பட்ட வாயு சிலிண்டருடன் கொண்டுபோக விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். அமெரிக்க விதிகள் இதைவிடக் கடுமை. நிரப்பிய சிலிண்டரோடு அங்கே விமானம் ஏற முடியாது; காலியாகக் கொண்டுபோய் இறங்கிய இடத்தில் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

கொண்டுபோகத்தான் வேண்டுமா என்று கணக்குப் பார்க்காதது

இரு வழிக் கட்டணம், பஸ் கட்டணம் இரண்டையும் கூட்டி, இறங்குமிடத்தில் அத்தனை நாளுக்கு ஸ்கீ வாடகை எவ்வளவு என்று பாருங்கள். மூன்று நான்கு நாள் பயணத்தில் வாடகையே பெரும்பாலும் ஜெயிக்கும். பூட்ஸை மட்டும் விடாதீர்கள். காலுக்குப் பொருந்திய பூட்ஸ் வாடகைக் கடையில் கிடைப்பது அரிது. உங்கள் டிக்கெட்டில் அடங்கிய கேபின் பைக்குள் அது கொண்டால் கூடுதல் கட்டணமும் இல்லை. வாடகைக்கு முன்பதிவு செய்யும்போது உங்கள் பூட்ஸின் அடிப்பாகம் வழக்கமான ஆல்பைன் வகையா, நடக்க வசதியாக வளைந்த கிரிப்வாக் வகையா என்று கடைக்குச் சொல்லிவிடுங்கள். எல்லா பைண்டிங்கும் இரண்டுக்கும் பொருந்தாது.

சேதத்தைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விடுவது

சொந்த ஸ்கீயோடு போனால், தனி பெல்ட்டில் பை வந்ததும் அங்கேயே திறந்து முனைகளையும் பைண்டிங்கையும் பாருங்கள். சேதம் இருந்தால் விமான நிலையத்தைவிட்டு வெளியேறும் முன் பதிவு செய்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள். பன்னாட்டு விமானப் பயண இழப்பீடு பற்றிய மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி, சேதத்துக்குப் பை கையில் கிடைத்த 7 நாளுக்குள்ளும், தாமதத்துக்கு 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் தர வேண்டும். இழப்பீட்டு உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர் (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு). சூட்கேஸும் ஸ்கீயும் சேர்ந்து தொலைந்தாலும் இதே வரம்புதான். விலை உயர்ந்த செட் என்றால் செக்-இன் செய்யும்போதே கூடுதல் மதிப்பை அறிவித்து அதற்குரிய கட்டணத்தைச் செலுத்தலாம். அல்லது பயணக் காப்பீட்டில் ஸ்கீக்குத் தனி வரம்பு எவ்வளவு, பழைய ஸ்கீக்கு எவ்வளவு கழிப்பார்கள் என்று புறப்படும் முன் படித்துவிடுங்கள்.