கேமரா ஸ்ட்ராப் வாங்கும்போது மெத்தையை அமுக்கிப் பார்க்காதீர்கள்

கேமராவுடன் பெட்டியில் வரும் ஸ்ட்ராப் எடையைத் தாங்கும்; அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் மார்புக்குக் குறுக்கே போட நீளம் போதாது, உட்புற ரப்பர் சட்டையைப் பிடித்து இழுக்கும், நிறுவனத்தின் பெயரைக் கொட்டை எழுத்தில் ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டு நடக்க வேண்டும். மாற்றலாம் என்று கடைக்குப் போகிறவர்கள் நடுவிலுள்ள மெத்தையை அமுக்கிப் பார்த்து வாங்கி வருகிறார்கள். மெத்தை கிழிந்து எந்தக் கேமராவும் விழுவதில்லை. பக்கிளில் நாடா நழுவும், வளையம் திறந்துகொள்ளும், தையல் விடும். எல்லாம் முனையில் நடப்பவை.

படி 1: எடை போடுங்கள்

அதிகம் பயன்படுத்தும் லென்ஸுடன் கேமராவைச் சமையலறைத் தராசில் வையுங்கள். ஃபியூஜி எக்ஸ்-டி30 பேட்டரியுடன் 383 கிராம்தான். கேனான் 5டி மார்க் 4 லென்ஸ் இல்லாமல், பேட்டரி, கார்டுடன் 890 கிராம். அதற்கான கேனானின் 24-70 எஃப் 2.8 இரண்டாம் தலைமுறை லென்ஸ் 805 கிராம். இரண்டும் சேர்ந்தால் 1.7 கிலோ. ஒரு கிலோவுக்குள் என்றால் 25 முதல் 32 மி.மீ. அகலம் போதும். அதற்கு மேல் 40 மி.மீ.க்குக் குறையாமல் வாங்குங்கள். அகலம் குறைந்த ஸ்ட்ராப்பில் எவ்வளவு மெத்தை வைத்தாலும் மாலைக்குள் தோளில் தடம் விழும்.

படி 2: கேமராவின் கண்ணைப் பாருங்கள்

கண் என்பது ஸ்ட்ராப்பை மாட்டும் இடம். கேனான், நிகான் டிஎஸ்எல்ஆர்கள் பலவற்றில் பக்கவாட்டில் தட்டையான துளை இருக்கும். மெல்லிய நாடா நேரே நுழையும். சோனி ஏ7, ஃபியூஜி எக்ஸ் வரிசைக் கேமராக்களில் முக்கோண வளையம் தொங்கும். வளையம் உடலில் உரசாமல் இருக்க, அடியில் தோல் அல்லது பிளாஸ்டிக் தகடு வைத்திருப்பார்கள். அதைக் கழற்றி எறியாதீர்கள். சாவிக்கொத்து வளையத்தை மாற்றாகப் போடுவது வேண்டவே வேண்டாம். நாளடைவில் வாய் விரியும்.

படி 3: நாடாவைக் கோர்ப்பது

இங்கேதான் நிதானம் வேண்டும். பலர் நாடாவைப் பக்கிளில் நுழைத்து, வாலை வெளியே தொங்கவிட்டு, வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுகிறார்கள். புது நைலான் வழுவழுப்பானது. நடக்க நடக்க, அசைவில் அந்த வால் சிறிது சிறிதாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

முதலில் ஸ்ட்ராப் முறுக்கிக்கொள்ளாமல் விரித்து வையுங்கள். நாடாவின் நுனியைச் சிறிய பிளாஸ்டிக் வளையத்துக்குள் விட்டு, கேமராவின் கண்ணுக்குள் நுழைத்து, திரும்பவும் அதே பிளாஸ்டிக் வளையம் வழியாக மேலே கொண்டுவாருங்கள். இப்போது பக்கிளின் நடுக் கம்பியின் மேல் ஏற்கெனவே ஓடும் நாடாவைச் சற்றுத் தளர்த்தி, கூன் போட்டதுபோல் தூக்கிவிடுங்கள். நுனி அந்தக் கூனுக்கு அடியில், பக்கிளின் ஒரு துளையில் ஏறி மறு துளையில் இறங்க வேண்டும். பிறகு கூனை இழுத்துத் தட்டையாக்குங்கள். நடுக் கம்பியின் மேல் இரண்டு அடுக்கு நாடா ஒன்றையொன்று அழுத்தும். எடை கூடக் கூடப் பிடி இறுகும். வால் இரண்டு நாடாக்களுக்கும் நடுவே மறைந்துவிடுவதால் பார்க்கவும் நன்றாக இருக்கும். குறைந்தது 5 செ.மீ. வால் மிச்சமிருக்கட்டும்.

மறுபக்கமும் செய்துவிட்டு, கட்டிலின் மேல் வைத்து ஸ்ட்ராப்பைப் பலமாகச் சுண்டி இழுங்கள். சில நாள் புழங்கியபின் ஒருமுறை வாலின் நீளத்தைச் சரிபாருங்கள்.

படி 4: எப்படித் தொங்கப்போகிறது?

ஒரு தோளில் மட்டும் மாட்டுவீர்கள் என்றால் ஸ்ட்ராப்பின் உட்புறம் பிடிப்புடன் இருக்க வேண்டும். குறுக்கே போடுகிறவர்களுக்கு நேரெதிர்: கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுவரும்போது நாடா தோளில் வழுக்கி ஓட வேண்டும். ஒரே ஸ்ட்ராப்பில் இரண்டையும் கேட்காதீர்கள். நான் குறுக்கே போடும் கட்சி. கழுத்துக்கு ஓய்வு, கூட்டத்தில் பறிப்பதும் எளிதல்ல. நீளம், கேமரா இடுப்பெலும்புக்குச் சற்று மேலே வரும் அளவு. அதற்குக் கீழே போனால் பஸ்ஸின் இருக்கைக் கம்பிகளில் எல்லாம் இடிக்கும்.

எந்தப் பொருள்?

சென்னை வெயிலுக்கு, கார் இருக்கைப் பட்டை போன்ற நெருக்கமான நெசவுள்ள நைலான். வியர்வை உப்பு ஏறினால் மிதமான சோப்பில் அலசி நிழலில் காயப்போடலாம். பருத்தி அழகு, ஆனால் ஊறினால் காயாது. தோல் ஐப்பசி, கார்த்திகையில் பூஞ்சை பூக்கும். நியோபிரீன் என்ற நீளும் ரப்பர் நுரையை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. நடக்கும்போது கேமரா ஊஞ்சலாடும், கழுத்தும் வேகும்.

பணம் செலவழிக்கத் தயார் என்றால் பீக் டிசைன் நிறுவனத்தின் ஸ்லைடு (45 மி.மீ.), சிறிய கேமராவுக்கு ஸ்லைடு லைட் (32 மி.மீ.). அவற்றின் கயிற்று இணைப்பிகள் 90 கிலோ வரை தாங்கும் என்கிறது நிறுவனம். எனக்குப் பிடித்தது அந்தக் கயிற்றின் நிறம்: மேலே கறுப்பு தேய்ந்து உள்ளேயிருக்கும் மஞ்சள் தெரிந்தால் மாற்றிவிட வேண்டும்.

முக்காலித் துளையில் திருகித் தொங்கவிடும் வகையில் எனக்கு நம்பிக்கை குறைவு. முழு எடையும் ஒரே திருகில் நிற்கிறது, நடையின் ஆட்டத்தில் திருகு தளரக்கூடும். பயன்படுத்தியே தீர வேண்டுமென்றால் ரப்பர் வாஷர் போட்டு, ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் முடுக்கிக்கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை: நீளமான 70-200 லென்ஸ் வைத்திருக்கும் வாசகர் ஒருவர், கேமராவின் கண்ணில் மாட்டினால் மூக்கு கீழே சாய்கிறது என்று எழுதியிருந்தார். முக்காலியில் பொருத்துவதற்காக லென்ஸின் அடியில் இருக்கும் காலில் மாட்டுங்கள். எடை நடுவில் நிற்கும், லென்ஸும் கேமராவும் சேரும் மவுன்ட்டும் தப்பிக்கும்.

இன்னொன்று: சேலை கட்டிப் படமெடுக்கும் ஒருவருக்கு இடது தோளில் முந்தானையில் குத்திய ஊக்கு நைலானை உரசிப் பிசிறாக்கியிருக்கிறது. ஸ்ட்ராப்பை வலது தோளில் போட்டு, கேமராவை இடது இடுப்பில் தொங்கவிட்டால் தீரும். வலது கையால் எடுப்பது முதலில் சங்கடமாக இருக்கும். இணைப்பி வகை ஸ்ட்ராப் என்றால் வலப்பக்க முனையைக் கேமராவின் அடித்தகட்டுக்கு மாற்றிப் பாருங்கள். பிடி வாகாக வரும்.