பார்கேம்ப்பை விழாவாக்காதீர்கள்: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

சென்ற மாதம் மார்த்தாண்டத்தில் நான்கு இளைஞர்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். மூன்று பேர் மென்பொருள் எழுதுகிறவர்கள், ஒரு பெண் யூஐ டிசைனர், ஆப்களின் திரைத் தோற்றத்தை வடிவமைக்கிறவர். நால்வருக்கும் வீட்டிலிருந்தே வேலை. “அண்ணா, நம்ம மாவட்டத்துல ஒரு பார்கேம்ப் நடத்தப் போறோம், நீங்க ஒரு தடவை பாத்துச் சொல்லணும்” என்று போனில் நோட்டீஸின் மாதிரியைக் காட்டினார்கள். பார்கேம்ப் என்றால், வருகிறவர்களே பேசி வருகிறவர்களே கேட்கும் திறந்த கூட்டம். மேலே ‘சிறப்பு விருந்தினர்’ என்று எழுதி, கீழே படம் வைக்க ஒரு வட்டம் விட்டிருந்தார்கள். பத்து வருடங்களுக்கு முன் நாகர்கோவிலில் எங்கள் முதல் பார்கேம்ப்புக்கு அடித்த நோட்டீஸிலும் அதே இடத்தில் அதே வட்டம் இருந்தது.

“மக்களே, இந்த வட்டத்தை முதல்ல எடுங்க” என்றேன். ஏன் என்று கேட்டார்கள். அன்று டீக்கடையில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன்.

வைஃபை போகும், புரொஜெக்டர் கேபிள் சேராது, தண்ணீர் கேன் தீர்ந்துவிடும். இதையெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டாம், ஒரு தடவை பட்டால் தெரிந்துவிடும். பட்ட பிறகும் தவறு என்றே தெரியாத சில தவறுகள் இருக்கின்றன. அவைதான் ஆபத்து.

விழாவாக்குவது

பார்கேம்ப் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் இந்தத் தவறு ஏன் இவ்வளவு பெரியது என்று புரியும். அமெரிக்காவில் தொழில்நுட்பப் புத்தகங்கள் வெளியிடும் ஓ’ரெய்லி நிறுவனம் ஃபூ கேம்ப் என்று ஒன்று நடத்திவந்தது. அழைப்பு கிடைத்தவர்கள் மட்டும்தான் போகலாம். யார் வேண்டுமானாலும் வரக்கூடிய ஒன்று வேண்டும் என்று சிலர் சேர்ந்து, ஒரு வாரத்துக்கும் குறைவான நாட்களில் ஏற்பாடு செய்து, 2005 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் நடத்தியதுதான் முதல் பார்கேம்ப். அடுத்த ஆண்டே சென்னைக்கும் வந்துவிட்டது. இதில் பார்வையாளர் என்று யாரும் கிடையாது, வருகிறவர்கள் எல்லோரும் பங்கேற்பாளர்கள். காலையில் சுவரில் ஒரு காலி அட்டவணை ஒட்டியிருக்கும். மேல் வரிசையில் அறைகள், பக்கவாட்டில் நேரங்கள். பேச விரும்புகிறவர் தலைப்பைத் தாளில் எழுதி ஒரு கட்டத்தில் ஒட்டுவார். அன்றைய நிகழ்ச்சி நிரல் அதுதான்.

இதற்கும் முன்னால் ஹாரிசன் ஓவன் என்பவர் இதே வழியைக் கண்டுபிடித்திருந்தார். ஒரு வருடம் உழைத்து அவர் நடத்திய மாநாட்டில் எல்லோருக்கும் பிடித்தது காபி இடைவேளைதான் என்று தெரிந்தது. அப்படியானால் கூட்டத்தையே இடைவேளை மாதிரி நடத்தலாமே என்று யோசித்தார். 1985-ல் ‘ஓப்பன் ஸ்பேஸ்’ என்ற முறை பிறந்தது.

சரி, நாங்கள் செய்தது என்ன? இடம் தேடி அலைந்தோம். கல்யாண மண்டப வாடகை கட்டுப்படியாகவில்லை. கல்லூரி ஒன்று தன் அரங்கத்தை இலவசமாகத் தர முன்வந்தது. ஏசி, ஜெனரேட்டர், கூடவே நான்கு வகுப்பறைகள். பதிலுக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள்: “சின்னதா ஒரு தொடக்க விழா வச்சுக்குவோம், எங்க மாணவர்களும் வருவாங்க.” அரை மணி நேரம்தானே என்று தலையாட்டினோம்.

நான்கு அறை, ஆறு நேரம், மொத்தம் 24 கட்டங்கள். முந்தின இரவு சார்ட் பேப்பரில் கோடு போட்டு வைத்திருந்தேன். காலை ஒன்பதரைக்குத் தொடங்க வேண்டியது, சிறப்பு விருந்தினர் வந்து சேரப் பத்தரை ஆனது. தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, தலைமையுரை, வாழ்த்துரை இரண்டு, சிறப்புரை, நினைவுப் பரிசு, நன்றியுரை. முடிந்தபோது மணி ஒன்று. 12 கட்டங்கள் போய்விட்டன. சாப்பாட்டுக்குப் பிறகாவது அறைகளுக்குப் பிரிந்து போகலாம் என்றால், மாணவர்கள் கண்ட இடத்துக்குப் போகக்கூடாது, எல்லாம் அரங்கத்திலேயே நடக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். மிச்சமிருந்த 12-ம் 3 ஆனது. ஒருவர் மேடையில் மைக் பிடித்துப் பேச, ஓ.டி. (வகுப்புக்குப் போகாமலே வருகைப் பதிவு) கிடைக்கும் என்று வந்த 300 மாணவர்கள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

அன்று குலசேகரத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் தன் அப்பாவுக்காகப் போனில் தமிழிலேயே கணக்கு எழுத ஒரு சின்ன ஆப் செய்திருந்தார். அப்பா எந்தப் பொத்தானைப் பார்த்துத் தயங்கினார், எந்தச் சொல்லை மாற்றியதும் தயக்கம் போனது என்று ஒவ்வொன்றாகக் குறித்து வைத்திருந்தார். டிசைன் பற்றி ஒரு நாள் முழுக்கப் பேசத் தேவையானது அந்த நோட்டில் இருந்தது. வடசேரியில் கோவில் நகை செய்யும் குடும்பத்துப் பையன் ஒருவனும் வந்திருந்தான். அவர்கள் வீட்டுப் பழைய நகை அச்சுகளை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வரைந்து கொண்டுவந்திருந்தான். இருவருக்கும் கட்டம் கிடைக்கவில்லை. அந்தப் பெண் தலைப்பு எழுதிய தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு மூன்றரைக்கே பஸ்ஸுக்குக் கிளம்பினார். அடுத்த கேம்ப்புக்குக் கூப்பிட்டேன், வரவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது, அன்று தலையாட்டிய எங்கள் மேல்தான்.

இதில் இன்னொரு கெடுதல் உண்டு. அன்று மாலை எல்லோரும் எங்களைப் பாராட்டினார்கள். 300 பேர், நிறைந்த அரங்கம், நல்ல போட்டோக்கள். தோற்றுப்போனது எங்களுக்கே தெரியவில்லை. அடுத்த முறையும் அதே அரங்கத்தைக் கேட்கப் போனோம். ஒன்பது மாதம் கழித்து, தக்கலையில் ஒரு டியூஷன் சென்டரில் 40 பேர் கூடியபோதுதான் முதல் கேம்ப்பில் எதை இழந்தோம் என்று புரிந்தது.

ஆகவே அரங்கம் வேண்டாம். தரையோடு பிணைத்த நாற்காலி எல்லோரையும் மேடையைப் பார்க்க வைக்கும், அப்படி உட்கார்ந்தவர் அன்று முழுக்கக் கேட்பவராகவே இருப்பார். டியூஷன் சென்டர், ஊர்ச் சமூகக் கூடம், சனிக்கிழமை காலியாகக் கிடக்கும் சின்ன அலுவலகம், எதுவும் போதும். ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, இருபது பேர் கொள்ளும் மூன்று அறைகள், ஒரு நீளமான சுவர். இடம் கொடுத்தவருக்கு மரியாதை செய்யத்தான் வேண்டும், அதைச் சாப்பாட்டு நேரத்தில் செய்யுங்கள். கல்லூரிதான் இடம் தருகிறது என்றால், ஆர்வமுள்ள பத்து மாணவர்கள் போதும், ஓ.டி. வேண்டாம், உங்கள் ஆசிரியர் ஒருவரும் எல்லோரையும் போல ஒரு கட்டம் எடுத்துக்கொள்ளட்டும் என்று இடம் கேட்கும்போதே பேசிவிடுங்கள். அதற்கு அவர்கள் மறுத்தால் நன்றி சொல்லிவிட்டு வேறு இடம் பாருங்கள்.

எழுந்து போக வழி செய்யாதது

ஓவன் ஒரு விதி வைத்தார், ‘இரண்டு கால் விதி’ என்று. நீங்கள் இருக்கும் இடத்தில் கற்கவும் இல்லை, எதையும் தரவும் இல்லை என்றால் கால்கள் இருக்கின்றன, அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். கேட்க எளிதாக இருக்கிறது. நம் ஊரில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது எழுந்து போவது அவரை அவமதிப்பது. விதியைச் சுவரில் எழுதி ஒட்டினாலும் யாரும் எழ மாட்டார்கள். பிடிக்காத தலைப்பில் மாட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நான் இப்போது செய்வது இது. பேசப் போகிறவர்களிடம் காலையிலேயே சொல்லிவிடுவேன்: “நடுவுல ஆள் போவாங்க, வருவாங்க, அது உங்களைக் குறை சொல்றது இல்ல.” முதல் செஷனில் பத்து நிமிடம் கழித்து, எல்லோரும் பார்க்க நானே எழுந்து அடுத்த அறைக்குப் போவேன். அறைக் கதவு திறந்தே இருக்கும். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, கதவுப் பக்கம் ஓர் இடைவெளி விடுவோம். அதற்குப் பிறகு தயக்கம் தானாகக் குறைகிறது.

பேச்சாளர் பட்டியலை முன்கூட்டியே வெளியிடுவது

வேண்டாம். ஆனால் சுவர் முழுக்கக் காலியாக இருந்தால் முதல் தாளை ஒட்ட யாருக்கும் கை வராது. மூன்று பேரிடம் மட்டும் முந்தின நாள் சொல்லிவையுங்கள்.

தேதி

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழை. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. குலசேகரம், அருமனை பக்கத்திலிருந்து பைக்கில் வருகிறவர்களை நினைத்துக்கொண்டு நாள் பாருங்கள். நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் 3 வரை கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா. ஓண வாரத்தில் திருவனந்தபுரத்துக்காரர்கள் வர மாட்டார்கள், நம்மவர்களிலும் பாதிப் பேர் வர மாட்டார்கள். ஞாயிறு காலை வைத்தால் பூசைக்கும் ஆராதனைக்கும் போகிறவர்கள் பத்து மணிக்கு மேல்தான் வந்து சேருவார்கள், அதற்குள் கட்டங்கள் நிரம்பிவிடும். தை, ஆவணி முகூர்த்த நாட்களைச் சொல்லவே வேண்டாம். காலண்டரை வைத்துக்கொண்டு முகூர்த்தம் இல்லாத ஓர் இரண்டாம் சனிக்கிழமையைத் தேடுங்கள். எனக்குப் பிப்ரவரியில்தான் பெரும்பாலும் கிடைத்திருக்கிறது.

ஸ்டிக்கி நோட்

சீலிங் ஃபேன் காற்றில் பறந்துவிடும். ஏ4 தாள், தடித்த மார்க்கர், செல்லோடேப்.

ஆங்கிலத்தில் மட்டும் அழைப்பது

மேலே சொன்ன குலசேகரத்துப் பெண் முதலில் கேட்ட கேள்வி, “தமிழ்ல பேசலாமா?” அவர் கேட்டுவிட்டார். கேட்காமல் வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் எத்தனை பேரோ. அழைப்பிலேயே தமிழில் பேசலாம் என்று எழுதுங்கள். மலையாளத்தில் பேசினாலும் இங்கே பெரும்பாலோருக்குப் புரியும்.

ஆறு மணி வரை இழுப்பது

நான்கரைக்கு முடியுங்கள். உட்கிராமங்களுக்குப் பஸ் குறைவு. இருட்டும் முன் வீடு சேர வேண்டும் என்று வீட்டில் சொல்லி அனுப்பப்பட்ட பெண்கள் கடைசி இரண்டு செஷனையும் இழப்பார்கள். அடுத்த முறை பதிவு செய்யும்போதே யோசிப்பார்கள்.

தேவைக்கு மேல் ஸ்பான்சர்

சாப்பாடு, நாற்காலி வாடகை, தாள், டீ. இவ்வளவுக்குத்தான் பணம் வேண்டும். மிச்சப் பணம் கையில் இருந்தால் டி-ஷர்ட் அடிக்கத் தோன்றும், பேனர் வைக்கத் தோன்றும், கடைசியில் பணம் கொடுத்தவர் பேச ஒரு மணி நேரம் கேட்பார். பெரிய தொகையை ஒருவரிடம் வாங்காமல், சிறு தொகையாக ஐந்து பேரிடம் வாங்குங்கள். மத்தியானத்துக்கு மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும், மீன் சாப்பிடாதவர்களுக்குச் சம்மந்தி என்ற தேங்காய்த் துவையலும் போட்டோம். யாரும் குறை சொன்னதில்லை.

சுவரைப் படம் எடுக்காமல் கிழிப்பது

மாலையில் நாற்காலி அடுக்கும் அவசரத்தில் இது நடக்கும். காலை, மத்தியானம், கடைசி என்று மூன்று தடவை அட்டவணையைப் படம் எடுத்துவைக்க ஓர் ஆளை நியமியுங்கள். இடமில்லாமல் ஓரத்தில் ஒட்டிய தாள்களும் படத்தில் வர வேண்டும். அடுத்த கேம்ப்புக்கு முதலில் கூப்பிட வேண்டியவர்கள் அந்தத் தாள்களை எழுதியவர்கள்தான்.