தவிட்டுப்பழம் பறிக்கிறதுக்கு முன்னாடி இலையத் திருப்பிப் பாருங்க

நீலகிரி மேட்டுல புல்வெளி ஓரமாவோ சோலை ஓரமாவோ நடந்தா தவிட்டுப்பழப் புதர் எங்கயாவது கண்ணுல படும், பழம் அவ்ளோ இனிப்பு. ஆனா கருநீலமா உருண்டையா இருக்குன்னு கலர மட்டும் பாத்து வாயில போட்டுடாதீங்க, உண்ணிச்செடிக் காய்கூட பழுத்தா கறுப்புதான், அதோட பச்சக் காய் விஷம்.

நான் எப்பவும் இலையிலதான் ஆரம்பிப்பேன். தவிட்டுக்கு இலை எதிரெதிரா ஜோடி ஜோடியா இருக்கும், தடியா, ஓரத்துல பல்லே இல்லாம. அடியில இருந்து நுனி வரைக்கும் மூணு நரம்பு எடுப்பா ஓடும். இப்ப இலையத் திருப்புங்க, அடிப்பக்கம் சாம்பல் வெள்ளையா வெல்வெட் துணி மாதிரி மெத்துன்னு இருக்கணும். மூணு நரம்ப மட்டும் நம்பாதீங்க, ஊதாப் பூ பூக்குற வேற சில புதருக்கும் அப்படித்தான் இருக்கும், ஆனா அதோட இலை சொரசொரன்னு இருக்கும். உண்ணிச்செடின்னா இலை ஓரம் ரம்பப் பல்லு, காய் சின்னச் சின்ன மணியா கொத்தா நிக்கும்.

அடுத்து பழம். இது கொய்யா குடும்பம், அதனால கொய்யாக்கு இருக்குற மாதிரியே காம்புக்கு எதிர்முனையில அஞ்சு இதழ் கிரீடம் ஒட்டியிருக்கும். கத்தரி, சுண்டை குடும்பத்துக் காய்க்கு அந்தப் பச்சத் தொப்பி காம்புப் பக்கமா இருக்கும், இந்த ஒரு வித்தியாசத்த மனசுல நல்லா பதிச்சுக்கோங்க, ஏன்னா காட்டுல அந்தக் குடும்பத்துல விஷக்காய் நெறைய. பழம் ஒண்ணு, ஒன்றரை சென்டிமீட்டர்தான், பிட்டா உள்ள பொடிப்பொடியா விதை வரிசையா இருக்கும். பூ இருந்தா இன்னும் நல்லது, ரோஸ் கலர்ல அஞ்சு இதழ், நடுவுல கேசரம் கத்தையா நிக்கும்.

இதுல ஒண்ணு இடிச்சாலும் விட்டுடுங்க. குருவி தின்னுதே நமக்கு என்னன்னு நினைக்கிறது ரொம்பத் தப்பு, பறவைக்கு ஒத்துக்குற பல காய் மனுஷனுக்கு ஆகாது. கொஞ்சமா ருசி பாத்து கண்டுபிடிக்கிறதும் வேண்டவே வேண்டாம். முதல் தடவ போறப்ப அந்த ஊர்ல பழம் பறிச்சுப் பழகினவங்க யாரையாவது கூட்டிட்டுப் போங்க.

தேயிலைத் தோட்டத்த ஒட்டி இருக்குற புதர்ல பறிக்காதீங்க, மருந்து அடிச்சிருப்பாங்க. முக்குர்த்தி மாதிரி தேசியப் பூங்காக்குள்ள எதையும் பறிக்கவே கூடாது, சட்டப்படி தப்பு. புதருக்குள்ள நுழையிறதுக்கு முன்னாடி காட்டெருமை நிக்குதான்னு பாத்துக்கோங்க.

தப்பா எதையாவது தின்னு வாந்தி, தலைசுத்தல் வந்தா வெயிட் பண்ணாம 108க்கு போன் பண்ணுங்க, தின்ன செடியோட இலையும் காயுமா ஒரு கிளைய ஒடிச்சு ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போங்க.