மலையக ஈரத்தில் பழைய வயலின் பேஸைப் பேணும் முறை

ஜெர்மனியின் ஹொஃப்னர் நிறுவனம் 1956இல் அறிமுகப்படுத்திய 500/1 என்னும் பேஸ் கிட்டாரை, அதன் உருவத்தினால் எல்லோரும் வயலின் பேஸ் என்றே அழைக்கிறார்கள். பீட்டில்ஸ் குழுவின் போல் மக்கார்ட்னி 1961இல் ஹம்பேர்க்கில் வாங்கியதும், 1972இல் களவுபோய் அவரிடமே மீண்டுவிட்டதாக 2024இல் அறிவிக்கப்பட்டதும் இதுவே. மேற்பலகை ஸ்புரூஸ் மரம், பின்பலகையும் பக்கங்களும் மேப்பிள் மரம், உள்ளே வெற்றிடம். கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் தங்கும் நட்டிலிருந்து, உடலின் மேல் அவற்றைத் தாங்கும் பிரிட்ஜ் வரை கம்பியின் நீளம், அதாவது ஸ்கேல், ஏறத்தாழ 30 அங்குலம். வழக்கமான பேஸ் கிட்டாரில் அது 34 அங்குலம். எடையோ இரண்டரைக் கிலோவுக்கும் குறைவு என்பதால், சிறிய கை உடையவர்களும் தோட்டத்து ஏற்றப் பாதையில் கருவியைச் சுமந்து செல்பவர்களும் இதனை விரும்புவதில் வியப்பில்லை. அனிமல்ஸ் குழுவின் சாஸ் சாண்ட்லர் வாசித்த எபிஃபோன் ரிவோலியும், ஜெஃபர்சன் ஏர்பிளேன் குழுவின் ஜாக் கசாடி வாசித்த கில்ட் ஸ்டார்ஃபயரும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆயினும் பலகை மெலிந்த, பிரிட்ஜ் ஒட்டப்படாத ஹொஃப்னருக்கே கீழே சொல்லப்படும் கவனம் மிகுதியாக வேண்டும்.

வாங்கும்போது புகழ்பெற்ற பெயரைச் சொல்லி விலையை உயர்த்துவோரின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்காமல், கழுத்து உடலோடு சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும். அங்கே நகம் நுழையும் அளவு பிளவு தெரிந்தால் பசை விட்டிருக்கிறது என்று பொருள். அதைத் திருத்துவதற்குக் கருவியின் விலையில் பெரும்பங்கு செலவாகலாம். பின்னர் விளிம்பைச் சுற்றி விரல் மூட்டால் மெதுவாகத் தட்டிப் பார்த்தால், ஒட்டு விட்ட இடத்தில் ஓசை கலகலக்கும். வர்ணம் மங்கியிருப்பதும் மேலே கீறல்கள் இருப்பதும் பொருட்படுத்தத் தக்கவை அல்ல.

ஈரப்பதனே இங்கு முதன்மையான பிரச்சினை. இலங்கையின் மலையகம் முழுவதற்கும் ஒரே பருவம் என்று எண்ணிவிடலாகாது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கத்தை நனைத்துக்கொண்டிருக்கையில், மலைத்தொடரைக் கடந்து இறங்கும் அதே காற்று பண்டாரவளை, பதுளைப் பக்கம் உலர்ந்து வீசுகிறது. ஊவாத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை மணம் கூட்டுகிற அந்த உலர்காற்று, ஸ்புரூஸ் பலகையின் ஈரத்தையும் உறிஞ்சிவிடும். மேற்குச் சரிவிலோ தேயிலை தரம் கூடும் ஜனவரி முதல் மார்ச் வரையான காலமே மரத்துக்கும் உலர்ந்த காலம். ஆகவே ஜூலையில் ஹட்டனிலிருந்து பதுளைக்கு ஒரு கச்சேரிக்காகக் கொண்டுசெல்லப்படும் கருவி, சில மணி நேரப் பயணத்திலேயே ஒரு பருவத்திலிருந்து மற்றொன்றுக்குள் நுழைந்துவிடுகிறது. ஈரத்தில் மேற்பலகை உப்பி பிரிட்ஜை உயர்த்துவதால் கம்பிகள், கழுத்தின் குறுக்கே பதித்த உலோகத் துண்டுகளான பிரெட்டுகளிலிருந்து எழும்பும். உலரும்போது பலகை தாழ்ந்து கம்பிகள் பிரெட்டுகளில் உரசும். இதனால் பிரிட்ஜின் உயரத்தை ஆண்டுக்கு இரு முறை, தத்தம் சரிவின் மழை தொடங்கிய பின்னும் உலர்காலம் தொடங்கிய பின்னும், சீர்செய்தால் போதும். மழை பெய்த ஒவ்வொரு நாளும் திருகுவது வீண் வேலை.

கருவியை வன்பெட்டியில் வைத்து, பெட்டிக்குள் ஒரு சிறிய ஈரமானியையும் சிலிக்கா ஜெல் பொதிகளையும் இடுக. 45 முதல் 55 சதவீதம் வரையான ஈரப்பதன் மிக நல்லது. மழைக்காலத்தில் அதை எட்ட முடியாவிட்டாலும், ஏற்ற இறக்கம் குறைவாக இருப்பதே மரத்துக்கு முக்கியம். நனைந்த கருவியை விறகடுப்பின் அருகிலோ வெயிலிலோ உலர்த்தினால், திடீரெனச் சுருங்கும் மேற்பலகை வெடித்துவிடும். நுவரெலியாவின் குளிரிலிருந்து கொழும்பு போய் இறங்கினால், வெப்பமான ஈரக்காற்று குளிர்ந்த மரத்திலும் உலோகத்திலும் நீராகப் படியும் என்பதால், பெட்டியைத் திறக்காமல் இரண்டு மூன்று மணி நேரம் அறையில் வைத்திருக்க வேண்டும்.

கம்பி மாற்றும்போது எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றக் கூடாது. பிரிட்ஜ் கம்பிகளின் அழுத்தத்தினால் மட்டுமே நிற்பதால், ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். மேற்பரப்பு வழவழப்பான பிளாட்வூண்ட் கம்பியே இதற்கு உரியது. நீண்ட ஸ்கேலுக்கான தடித்த கம்பிகள் கழுத்தையும் மேற்பலகையையும் அளவுக்கு மீறி இழுக்கும். கம்பிகளின் கீழ்முனையைப் பிடித்திருக்கும் டெயில்பீஸ் பிரிட்ஜிலிருந்து தள்ளி இருப்பதனால், ஷோர்ட் ஸ்கேல் என்று மட்டும் கேட்டு வாங்காமல், டெயில்பீஸிலிருந்து நட் வரையான தூரத்தை அளந்து கடைக்காரரிடம் சொல்லுங்கள்.

பிரிட்ஜின் இடத்தைச் சரிபார்க்க, 12ஆம் பிரெட்டுக்கு நேர்மேலே கம்பியை மெல்லத் தொட்டு எழும் ஹார்மோனிக் ஒலியையும், அதே பிரெட்டில் அழுத்தி வாசிக்கும் ஒலியையும் டியூனரில் ஒப்பிட வேண்டும். அழுத்திய சுரம் உயர்ந்திருந்தால் பிரிட்ஜை டெயில்பீஸ் பக்கமும், தாழ்ந்திருந்தால் கழுத்துப் பக்கமும், கம்பிகளைச் சற்றுத் தளர்த்திய பின்னர் நகர்த்துக. மரப் பிரிட்ஜின் பிளவுகளில் செருகப்பட்டிருக்கும் சிறு பிரெட் துண்டுகளை முன்னும் பின்னும் மாற்றி, ஒவ்வொரு கம்பிக்கும் தனியாக நுண்மை சேர்க்கலாம். உயரம் பக்கத்துச் சிறு சக்கரங்களால் மாறும். கழுத்தின் வளைவைப் பார்க்க, முதலாம் பிரெட்டிலும் கடைசிப் பிரெட்டிலும் கம்பியை அழுத்திப் பிடித்தால், ஏழாம் பிரெட்டின் மேல் ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றர், அதாவது ஒரு விசிட்டிங் கார்ட் நுழையும் இடைவெளி தென்பட வேண்டும். கழுத்துக்குள் அதன் வளைவைத் திருத்தும் டிரஸ் ராட் என்னும் உலோகத் தண்டு இருந்தால் ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருப்பலாகாது. மிகப் பழைய ஹொஃப்னர்களில் அது இல்லை. அவற்றுக்கு மெல்லிய கம்பியே தீர்வு.

சுவிட்சுகளின் மேல் எழுதியிருப்பதை நம்பி வேலை செய்ய வேண்டாம். ரிதம், சோலோ என்ற சுவிட்ச் ஒலியின் அளவை மாற்றுகிறது. மற்றவை, கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் பிக்கப்புகளில் எதை உயிர்ப்பிக்கின்றன என்பதை, அம்ப்பின் (ஒலிபெருக்கியின்) ஒலியைக் குறைத்து வைத்து, ஒவ்வொரு பிக்கப்பையும் சிறு ஸ்குரூ டிரைவரால் தொட்டுக் கேட்பதே அறியும் வழி.

மேடையில் கருவியின் உள்ளே இருக்கும் வெற்றிடமே அம்ப்பின் ஒலியை வாங்கி ஊளையிடத் தொடங்கும். ஆகையால் ஸ்பீக்கருக்கு நேரெதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, பிரிட்ஜின் அருகே கம்பிகளுக்கு அடியில் மெல்லிய பஞ்சுத்துண்டை வைத்து நீளும் சுரத்தை அடக்கலாம். அந்தக் குட்டையான, தடிப்பான ஒலி பைலாவுக்கும் தேவாலயப் பாடலுக்கும் நன்றாகப் பொருந்தும். பழைய மண்டபங்களில் 230 வோல்ட் இணைப்பில் ஏர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று ஒலியமைப்பவரிடம் சோதிக்கச் சொல்லி, அவர் உறுதி சொன்ன பின்னரே கம்பியில் கைவைத்தபடி மைக்கின் அருகே செல்ல வேண்டும்.