போட் பிடிச்சுத் தூண்டில் போட வாறவை விடுற பிழையள்

ஆடி ஆவணியில வெளிநாட்டில இருந்து முல்லைத்தீவுக்கு வாற எங்கட சனத்துக்கு இப்ப புதுசா ஒரு ஆசை, ஒரு போட்டை முழுசா வாடகைக்கு எடுத்து ஆழக்கடலுக்குப் போய் தூண்டில்ல பெரிய மீன் இழுக்கவேணும் எண்டு. நல்ல ஆசைதான். எங்கட கடல் வருசம் முழுக்கச் சூடுதான்; அறுக்குளா, பாரை, சூரை எல்லாம் படும், வாய்ச்சால் ஊசி மாதிரி நீட்டு அலகுள்ள மயில்மீனும் படும். ஆனா ஒழுங்கா கேட்டு விசாரிக்காம வந்து காசையும் லீவையும் குழப்பிப்போட்டுப் போறவையைப் பாக்க மனசு கேக்கேல்லை, அதுதான் எழுதுறன்.

முதல் பிழை, லீவைப் பாத்து நாள் குறிக்கிறது, காத்தைப் பாக்கிறேல்லை. முல்லைத்தீவு, திருகோணமலைப் பக்கம் சித்திரை கழிஞ்சு புரட்டாதி மட்டும்தான் கடல் படுத்திருக்கும், ஐப்பசி கடந்து வாடைக்காத்து பிடிச்சுதெண்டா தை மட்டும் அடிச்சுக்கொண்டே கிடக்கும். தெற்கில மிரிஸ்ஸ, மேற்கில கல்பிட்டி பக்கம் நேர் எதிர், அங்க கார்த்திகையில இருந்து சித்திரை மட்டும் நல்லம், சோளகம் எண்ட தென்மேற்குக் காத்து தொடங்கினா சரிவராது. என்ர மச்சான் ஒராள் மார்கழி லீவுக்கு ரொறன்ரோவில இருந்து வந்து, திருகோணமலையில ஒரு போட்டுக்கு முற்பணமும் கட்டிப்போட்டு, மூண்டு நாளும் அறைக்குள்ள இருந்து மழையைப் பாத்ததுதான் மிச்சம். காசு திரும்பி வரேல்லை, ஏனெண்டா காத்து மழை வந்தா என்ன செய்யிறது எண்டு முதலே கதைக்கேல்லை. 2020இல புரெவிப் புயல் கரை ஏறினதும் மார்கழி 2ஆம் திகதி இரவு, திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையிலதான். எங்கட தொழிலாளியள் போட்டை மேட்டில ஏத்திப்போட்டு இருக்கிற நாளில நீங்கள் காசு குடுத்து இறங்கவேண்டாம். நல்ல காலத்தில வந்தாலும் ஒரு நாளைக் கூடுதலா வச்சுக்கொள்ளுங்கோ, பிளேனுக்கு முதல் நாள் கடலுக்குப் போறதெண்டு திட்டம் போடாதேங்கோ, திருகோணமலையில இருந்து கட்டுநாயக்காவுக்கே ஆறு மணித்தியாலம் வேணும்.

அடுத்தது போட். தெரிஞ்ச ஆள்தானே எண்டு எங்கட ஊர் சின்னப் பைபர் போட்டில ஆறு பேர் ஏறுறது. அது வலை இழுக்கச் செய்தது, நிழல் இல்லை, தூண்டில் றொட் குத்திவைக்க இடமில்லை, ஒதுங்க இடமில்லை, பதிவும் தொழிலுக்குத்தான், ஆள் ஏத்த இல்லை. தூண்டில் பயணத்துக்கெண்டே இருக்கிற போட்டை எடுங்கோ, எடுக்க முதல் எத்தினை மணித்தியாலம் தூண்டில் நீருக்க இருக்கும், எண்ணெய்க்காசு சேர்த்தோ, பிடிச்ச மீன் ஆருக்கு, எல்லாத்தையும் வாட்ஸ்அப்பில எழுத்தில கேளுங்கோ. லைஃப் ஜாக்கெட்டை கரையிலயே பிள்ளையளுக்குப் போட்டுப் பாருங்கோ, பெரிய ஆக்களின்ர அளவு சின்னனுக்குக் கழண்டு போகும்.

கனடா வாவியில பாவிக்கிற மெல்லிய றொட்டை கொண்டு வாறவை இருக்கினம். ஒரு பெரிய பாரை எடுத்துதெண்டா முதல் நேர கல்லுக்கத்தான் ஓடும், றீல் கத்தும், கை நடுங்கும், நீங்கள் சுத்த முதலே நூல் பவளப்பாறையில உரசி டக்கெண்டு அறும், பிறகு கையில கிடக்கிறது பாரமில்லாத வெறும் றொட். பாரைக்கு எண்டா குறைஞ்சது 80 இறாத்தல் இழுவை தாங்கிற பிறெயிட் எண்ட பின்னின நூல் வேணும், முன்னால அதைவிட மொத்தமான தங்கூசி. சாமான் இல்லாட்டி அந்தப் போட்காரரிட்டயே வாங்குங்கோ.

தலைசுத்துக் குளிசையை சத்தி வந்தாப் பிறகு போட்டுப் பிரயோசனமில்லை, ஏறுறதுக்கு ஒரு மணித்தியாலம் முதல் போடவேணும். எது பொருந்தும் எண்டு டொக்டரிட்ட கேளுங்கோ.

எனக்குப் பெரிய கவலை ஐஸ். சூரையும் அறுக்குளாவும் வெயிலில கிடந்தா சதையில ஹிஸ்டமின் எண்டொரு நஞ்சு கூடும், பிறகு கழுவினாலும் பொரிச்சாலும் குழம்பு வச்சாலும் அது போகாது. திண்டு கொஞ்ச நேரத்தில முகம் சிவந்து, தலையிடிச்சு, உடம்பெல்லாம் கடிக்கும், கனபேர் அதை மீன் ஒவ்வாமை எண்டு நினைக்கிறவை. மீன் பிடிச்ச உடன செவுளை வெட்டி இரத்தத்தை விட்டு, குடலை எடுத்து, ஐஸுக்குள்ள தாட்டுவைக்கவேணும். ஐஸ் பெட்டி இல்லாத போட்டில ஏறாதேங்கோ.

எங்க போடுறியள், எதைப் பிடிக்கிறியள் எண்டதும் இருக்கு. நிலாவெளிக்கு முன்னால இருக்கிற புறாத்தீவு 2003இல இருந்து தேசியப் பூங்கா, அந்த எல்லைக்குள்ள தூண்டில் போடேலாது. நீண்ட வாலோட இருக்கிற திறெஷர் சுறாவை 2012இல இருந்து பிடிக்கத் தடை, கொக்கியில பட்டாலும் விட்டிடவேணும். மயில்மீனையும் போட்டோவுக்கெண்டு போட்டுக்க தூக்காதேங்கோ, தண்ணிக்கையே அலகைப் பிடிச்சுக்கொண்டு, போட்டை மெல்ல முன்னுக்கு ஓட விட்டு, அது தானா வாலை அடிக்கிற மட்டும் பாத்திட்டு கையை எடுங்கோ.