சூப்பர்காருக்கு நீங்களே ஆயில் மாற்றுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாதாரணக் காருக்கு ஆயில் மாற்றத் தெரிந்தவருக்கு ஃபெராரிக்கோ லம்போர்கினிக்கோ மாற்றுவது பெரிய வித்தை இல்லை. பழைய ஆயிலை இறக்க வேண்டும், ஃபில்டரை மாற்ற வேண்டும், புது ஆயிலை ஊற்ற வேண்டும். வேலை அதேதான். ஆனால், என்னைக் கேட்டால், இந்த மாதிரிக் கார்களுக்கு ஒன்றும் தெரியாதவரைவிட ஓரளவு தெரிந்தவர்தான் ஆபத்து. தெரியாதவர் ஒவ்வொரு அடிக்கும் புத்தகத்தைப் புரட்டுவார். பல வருடமாகத் தன் காருக்குத் தானே ஆயில் மாற்றியவர், அதே கைப்பழக்கத்தோடு இதன் அடியிலும் புகுந்துவிடுவார். கீழே சொல்லப்போகும் தவறுகளில் முக்கால்வாசி அப்படி வருபவைதான்.

காலையில் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்ப்பது

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், காரணம் எஞ்சினுக்கு நிஜமான செலவு வைப்பது இதுதான்.

சாதாரணக் காரில் எஞ்சினுக்கு அடியில் இருக்கும் சம்ப்பில்தான் ஆயில் தேங்கி நிற்கும். எஞ்சின் ஆறியபிறகு டிப்ஸ்டிக்கை, அதாவது அளவுக் கம்பியை, உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தால் அளவு தெரிந்துவிடும். வேகமாகப் போவதற்கென்றே செய்த கார்களில் இந்த அமைப்பு ஒத்துவராது. வளைவில் வேகமாகத் திரும்பும்போது சம்ப்பில் உள்ள ஆயில் முழுவதும் ஒரு பக்கமாக ஒதுங்கும். அந்த நேரத்தில் பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சினால் பேரிங் தேய்ந்துபோக அதிக நேரம் ஆகாது. அதனால் பல ஸ்போர்ட்ஸ் கார்களில் 'டிரை சம்ப்' வைக்கிறார்கள். எஞ்சினின் அடியில் வடியும் ஆயிலைச் சில பம்புகள் உடனுக்குடன் இழுத்துத் தனி டேங்க் ஒன்றுக்கு அனுப்பும். அங்கிருந்து இன்னொரு பம்ப் அதை அழுத்தத்தோடு எஞ்சினுக்குக் கொடுக்கும். அடியில் ஆழமான தொட்டி தேவையில்லாததால் எஞ்சினையே இன்னும் தாழ்வாகப் பொருத்த முடியும் என்பது கூடுதல் லாபம்.

இப்போது அந்தக் காரை இரண்டு வாரம் நிறுத்தி வையுங்கள். டேங்கில் இருந்த ஆயிலில் ஒரு பகுதி பம்பின் இடுக்குகள் வழியாக மெல்ல எஞ்சினுக்குள் இறங்கிவிடும். டிப்ஸ்டிக் இருப்பதோ டேங்கில். காலையில் எடுத்துப் பார்த்தால் நுனியில்கூட ஆயில் ஒட்டாது. கார்க்காரர் பதறிப்போய் ஒரு லிட்டர் ஊற்றுவார். மறுபடி பார்ப்பார், அப்போதும் குறைவாகவே காட்டும்; இன்னும் கொஞ்சம் ஊற்றுவார். எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் கீழே இறங்கியிருந்த ஆயிலெல்லாம் டேங்குக்குத் திரும்பும். இடம் இல்லையென்றால் மிச்சம், ஆவி வெளியேற வைத்திருக்கும் பிரீதர் குழாய் வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போகும், அங்கிருந்து சிலிண்டருக்குள் போய் எரியும். பின்னால் நீலப் புகை மண்டும். எஞ்சினைக் காற்றால் குளிர்விக்கும் பழைய ஏர்-கூல்டு போர்ஷே 911 வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய கதை. எக்ஸாஸ்ட் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் உள்ள காராக இருந்தால் புகையோடு நிற்காது, அதையும் கெடுக்கும்.

அந்த ஏர்-கூல்டு 911-களில், அதாவது 1998 வரை வந்தவற்றில், அளவு பார்க்கும் முறை இப்படி: சமதரையில் வண்டி நிற்க வேண்டும், எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்திருக்க வேண்டும், ஐடிலில் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிப்ஸ்டிக்கை எடுக்க வேண்டும். ஓடும் எஞ்சினில் டிப்ஸ்டிக்கை உருவுவதற்குப் பலருக்குக் கை வராது, ஆனால் சரியான முறை அதுதான். வேறு சில கார்களில் எஞ்சினைச் சூடாக்கி அணைத்து, இத்தனை நிமிடம் கழித்துப் பார் என்று சொல்லியிருப்பார்கள். புதிய கார்கள் சிலவற்றில் டிப்ஸ்டிக்கே கிடையாது. திரையில்தான் அளவு வரும், அதுவும் ஆயில் சூடேறிய பிறகுதான். ஒரு காருக்குச் சரியான முறை இன்னொன்றுக்குச் சரி வராது. உங்கள் காரின் கையேட்டில் இந்த ஒரு பக்கத்தையாவது வேலை தொடங்கும் முன் படித்துவிடுங்கள்.

புத்தகத்தில் உள்ள அளவை அப்படியே ஊற்றுவது

டிரை சம்ப் கார்கள் பலவற்றில் ஆயில் 8 முதல் 12 லிட்டர் வரை இருக்கும். டேங்க், ஆயிலைக் குளிர்விக்கும் கூலர், நீளமான குழாய்கள் எல்லாம் சேர்ந்த கணக்கு அது. ஆயில் இறங்கும் துளையை அடைத்திருக்கும் ட்ரெயின் போல்ட்டைக் கழற்றினால் அத்தனையும் வெளியே வராது. கூலரிலும் குழாய்களிலும் ஒரு பங்கு தங்கிவிடும். கையேட்டில் மொத்தக் கொள்ளளவு ஒன்றும், ஃபில்டரோடு மாற்றும்போது ஊற்ற வேண்டிய அளவு ஒன்றும் தனித்தனியாகப் போட்டிருக்கும். அவசரத்தில் முதல் எண்ணைப் பார்த்து ஊற்றினால் மேலே சொன்ன புகைதான்.

நல்ல வழி, இறங்கிய ஆயிலை அளவுக் கோடு உள்ள கேன்களில் ஊற்றி அளப்பது. மாற்றுவதற்கு முன் அளவு சரியாக இருந்திருந்தால், எவ்வளவு இறங்கியதோ ஏறக்குறைய அவ்வளவுதான் உள்ளே போக வேண்டும். அதிலும் ஒரு லிட்டர் குறைத்து ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் கூலருக்குப் போகும் வழியில் உள்ள தெர்மோஸ்டாட் திறக்கும்வரை சூடாக்குங்கள். அது திறக்காமல் பார்த்த அளவு அளவே இல்லை. திறந்தபின் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக மிச்சத்தைச் சேர்க்கலாம். குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாம், கூடிப்போனதை வெளியே எடுக்க மறுபடி அடியில் படுக்க வேண்டும்.

இதே கணக்கில் இன்னொன்று. வீட்டில் இருக்கும் ட்ரேயில் எத்தனை லிட்டர் கொள்ளும் என்று முதலிலேயே பாருங்கள். சாதாரணக் காருக்காக வாங்கியது 6 லிட்டரில் நிரம்பிவிடும், மேலே இருந்து ஆயில் வந்துகொண்டே இருக்கும். வெதுவெதுப்பான ஆயில் முழங்கை வரை வழிய, போல்ட்டை மரை தவறாமல் திருப்பி ஏற்ற முடிகிறதா என்று அப்போது சோதித்துப் பார்க்க வேண்டாம். முதல் பாய்ச்சல் நேர் கீழே விழாது, தள்ளிப் பீய்ச்சும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எந்த போல்ட்?

சாதாரணக் காரில் ஒரே ஒரு ட்ரெயின் போல்ட். இங்கே டேங்குக்கு ஒன்று, எஞ்சினுக்கு ஒன்று என்று குறைந்தது இரண்டு இருக்கலாம். புகாட்டி வேரோனில் 16 என்று சொல்வார்கள். அதை வைத்திருப்பவர் வீட்டில் மாற்றப் போவதில்லை, அது வேறு விஷயம். ஒன்றை மட்டும் திறந்து, 'ஆயில் இவ்வளவுதான் போல' என்று மூடிவிட்டால் பாதிப் பழைய ஆயில் உள்ளேயே இருக்கும். புத்தக அளவையும் ஊற்றினால் நிரம்பி வழியும்.

எஞ்சின் நடுவில் இருக்கும் கார்களில் கியர்பாக்ஸும் அதை ஒட்டியே இருக்கும். அடியில் படுத்துப் பார்த்தால் ஒரே மாதிரி இரண்டு மூன்று போல்ட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். எஞ்சின் ஆயில் என்று நினைத்துக் கியர் ஆயிலை இறக்கிவிட்டு, எஞ்சினில் புது ஆயிலையும் ஊற்றினால் ஒரே நேரத்தில் இரண்டும் போச்சு: எஞ்சினில் இரட்டிப்பு, கியர்பாக்ஸ் காலி. ஆரம்பகால லம்போர்கினி மியூராவில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில் என்பதால் அந்தக் குழப்பமாவது இல்லை. அதற்கு வேறு தலைவலிகள் இருந்தன, பிறகு பிரித்துவிட்டார்கள். எதைக் கழற்றினாலும் வருவதின் நிறத்தையும் வாசனையையும் கவனியுங்கள். ஓடிய எஞ்சின் ஆயில் கருத்திருக்கும். தெளிவாகவோ கடுமையான கந்தக வாடையோடோ வந்தால் உடனே மூடுங்கள்.

'இன்னும் ஒரு சுற்று' முறுக்குவது

போல்ட் இரும்பாக இருந்தாலும் அது ஏறும் இடம் பெரும்பாலும் அலுமினியம், சிலவற்றில் மெக்னீசியம். கை பலத்தில் முறுக்கினால் மரை சீவிக்கொண்டு வரும். அதைச் சரிசெய்ய அந்தப் பாகத்தைக் கழற்ற வேண்டும், சில கார்களில் எஞ்சினையே இறக்கும் வேலையாக முடியும். எவ்வளவு விசையில் முறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள். உதாரணத்துக்கு, 996 தலைமுறை 911 கரேராவில் ட்ரெயின் போல்ட்டுக்கு 50 நியூட்டன் மீட்டர், பிளாஸ்டிக் ஃபில்டர் கூடுக்கு 25 நியூட்டன் மீட்டர். இரண்டாவது எண் எவ்வளவு சிறியது என்று பாருங்கள். கூடு விரிசல் விடுவது இதைத் தாண்டும்போதுதான். உங்கள் காரின் எண் வேறாக இருக்கும், அதைத் தேடிப் பிடியுங்கள்.

செம்பு அல்லது அலுமினிய வாஷர் ஒருமுறை நசுங்கி அடைத்ததோடு அதன் வேலை முடிந்தது. பழையதையே திருப்பிப் போட்டால் சொட்டும், சொட்டுகிறதே என்று இன்னும் முறுக்குவார்கள், மரை போகும். ஒவ்வொரு முறையும் புது வாஷர் போடுங்கள்.

ஃபில்டரில் பார்க்க வேண்டியது ரப்பர் வளையத்தை. திருகும் வகை ஃபில்டரைக் கழற்றும்போது சில சமயம் பழைய வளையம் எஞ்சின் பக்கமே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். கறுப்பு ரப்பர், கறுப்பு ஆயில், இருட்டான இடம், கண்ணுக்குத் தெரியாது. அதன் மேலேயே புதியதை ஏற்றினால் இரண்டு வளையம் ஒன்றன் மேல் ஒன்றாக உட்காரும். எஞ்சின் ஓடி அழுத்தம் ஏறியதும் ஒன்று நழுவி, சில விநாடிகளில் லிட்டர் கணக்கில் ஆயில் வெளியே அடிக்கும். அடிப்பது எங்கே என்றால், இந்தக் கார்களில் பக்கத்திலேயே எக்ஸாஸ்ட் இருக்கும். தீப்பிடிக்க வேறு என்ன வேண்டும்? கழற்றிய ஃபில்டரில் வளையம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, உட்காரும் இடத்தில் விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள்.

ஆயில் தேர்வு

கெட்டியான ஆயில்தான் எஞ்சினுக்குக் காவல் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. இ46 தலைமுறை பிஎம்டபிள்யூ எம்3-க்கு 10டபிள்யூ-60 என்பது உண்மைதான் (கடைசி எண் கூடினால், சூட்டில் ஆயில் அவ்வளவு கெட்டி). அதைக் கேள்விப்பட்டு எல்லா ஸ்போர்ட்ஸ் காருக்கும் 60 ஊற்றுபவர்கள் உண்டு. நிசான் ஜிடி-ஆர் ஆர்35-க்கு நிறுவனம் சொன்னது 0டபிள்யூ-40. இரண்டுமே உச்ச சுற்றில் ஓடத் தயாரான எஞ்சின்கள்தான், ஆனால் பேரிங் இடைவெளிகளும் ஆயில் பம்பும் வேறு வேறு. 100 டிகிரி செல்சியஸில் 40-ஐச் சேர்ந்த ஆயிலின் பாகுத்தன்மை 12.5-க்கும் 16.3 சென்டிஸ்டோக்ஸுக்கும் இடையில் இருக்கும். 60-ஐச் சேர்ந்ததில் 21.9-இலிருந்து 26.1 வரை. சின்ன வித்தியாசம் இல்லை இது. பாகுத்தன்மை பொருந்தினால் மட்டும் போதாது, தயாரிப்பாளரின் ஒப்புதல் எண்ணும் டப்பாவில் இருக்க வேண்டும். போர்ஷேக்கு ஏ40 என்பது போல. 'ஏ40-க்கு ஏற்றது' என்று எழுதியிருப்பதும் 'ஏ40 ஒப்புதல் பெற்றது' என்பதும் ஒன்றல்ல. டப்பாவின் பின்பக்கச் சிறிய எழுத்தில் இதைத்தான் தேட வேண்டும். மேலே ஏதாவது சேர்மானம் ஊற்றுவது வேண்டாத வேலை.

தூக்குவதும் அடித்தட்டும்

ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது, ஸ்டாண்டு வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். இந்தக் கார்களில் கூடுதல் சிக்கல், ஜாக் வைக்கும் இடம். கார்பன் ஃபைபரோ மெல்லிய அலுமினியமோ உள்ள ஓரத்தில் வைத்தால் நசுங்கும், விரிசல் விடும். குறித்த இடத்தில், ரப்பர் கட்டையோடு மட்டும் வையுங்கள். சாதாரண ஜாக் பலவற்றின் அடியில் நுழையவே நுழையாது, அதனால் முதலில் பலகைகள் மேல் ஏற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். நான்கு முனையும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். முன்பக்கம் மட்டும் தூக்கினால் ஆயில் ஒரு மூலையில் தேங்கிவிடும். தானாக உயரம் சரிசெய்யும் சஸ்பென்ஷன் இருந்தால் தூக்கும் முன் ஜாக் மோடில் போடுங்கள்.

காரின் அடியை மூடும் அடித்தட்டைப் பிடித்திருக்கும் திருகுகள் எல்லாம் ஒரே நீளம் இருக்காது. குட்டையானது இருந்த இடத்தில் நீளமானதை ஏற்றினால் மேலே எதையாவது குத்தும். கழற்றும்போதே ஒரு அட்டையில் தட்டின் படத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் குத்தி வைத்துவிட்டால் போதும். 'நாலு திருகு மிச்சம், பரவாயில்லை' என்று விடாதீர்கள். அந்தத் தட்டுதான் காற்றை ஒழுங்காகப் போகச் செய்கிறது, வேகத்தில் ஒரு மூலை தளர்ந்தால் கிழிந்துகொண்டு போகும். திருப்பி மாட்டும் முன் எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, கசிவு பாருங்கள். தட்டை மூடிவிட்டால் சொட்டுவது தெரியாது, உள்ளேயே தேங்கும்.

ஓடவில்லையே, எதற்கு மாற்ற வேண்டும்?

வருடத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத கார்கள் இவை. ஆயில் கெடுவது கிலோமீட்டரால் மட்டும் இல்லை. பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தினால் உள்ளே படிந்த ஈரமும் கலந்த பெட்ரோலும் ஆவியாகிப் போக நேரம் கிடைப்பதில்லை. அவை ஆயிலை அமிலமாக்கும். கையேட்டில் வருடத்துக்கு ஒருமுறை என்றால் ஒருமுறைதான். பல மாதம் நிறுத்தி வைக்கப் போகிறீர்கள் என்றால், மாற்றிவிட்டு நிறுத்துங்கள். பழைய ஆயிலோடு பேரிங்கை ஊற வைக்காதீர்கள்.

பழைய ஃபில்டரை உடனே தூக்கிப் போடவும் வேண்டாம். மடிப்பை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். ட்ரெயின் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் பசை மாதிரி ஒட்டியிருப்பது வழக்கமான தேய்மானம். விரலில் குத்தும் அளவுக்குச் சீவல்கள் இருந்தால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஃபில்டர் மடிப்பில் பளபளக்கும் துகள்கள் கிடந்தால், இறங்கிய ஆயிலில் கொஞ்சத்தைச் சுத்தமான பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பலாம். எந்த உலோகம் எவ்வளவு என்று சொல்லிவிடுவார்கள். மிச்சத்தை மூடி இறுக்கமான கேன்களில் ஊற்றி, பழைய ஆயில் வாங்கும் இடத்தில் கொடுங்கள். ஆயில், ஃபில்டர் வாங்கிய ரசீது, கிலோமீட்டர் காட்டும் போட்டோ, தேதி மூன்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை இல்லாத வருடத்துக்கு, காரை வாங்க வருபவரிடம் காட்ட இவைதான் இருக்கும்.